பல்லவிக்குத் திரும்ப வேண்டாம்

உங்கள் நால்வருக்கும் பாட்டு நன்றாக வரும் என்று சொன்னார்கள். அதுதான் முதல் தலைவலி. பாட்டு வராதவர்களாக இருந்திருந்தால் எனக்கு எழுத வேண்டிய வேலை பாதி குறைந்திருக்கும்.

கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் உங்களைப் போலத்தான் வந்தேன். இந்த ஊர் ஸ்ரீவராகத்தில் பிறந்து, பேச்சு வருவதற்கு முன்பே சரளி வரிசை காதில் விழுந்து, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்துவிட்டு இந்த ஆஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குள் குழந்தைகளுக்குப் பாட நுழைந்தேன். உங்களுக்கு இருக்கிற மாதிரி பெரிய பதவிப் பெயரெல்லாம் எனக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று யூனிட்டிலிருந்து கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

எந்தக் குழந்தைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு மெதுவாக, எந்த மருந்து கொடுக்கும் நாளில் பாடவே கூடாது என்பதெல்லாம் உங்கள் படிப்பில் வந்திருக்கும். அதில் நான் கை வைக்கப் போவதில்லை. என் அனுபவத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது நிறுத்துவது.

என் காலத்தில் யூனிட்டை நடத்தியவர் ஒரு தலைமை நர்ஸ். நாங்கள் சிஸ்டர் என்று மட்டும்தான் கூப்பிடுவோம். என்னைவிட வயதில் நல்ல சின்னவர், ஆனால் அவருக்கு முன்னால் நான் புதிதாகச் சேர்ந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்பேன். மலையாளம் பேசுகிறவர். தமிழ்நாட்டிலிருந்து வந்த தாய்மார்களிடம் பேசிப் பேசித் தானாக ஒரு தமிழ் கற்று வைத்திருந்தார். முதல் நாள் என்னை வாஷ்பேசின் முன்னால் நிறுத்தி முழங்கை வரை கை கழுவ வைத்துவிட்டுச் சொன்னார்:

“டீச்சரே, இவிட ரெண்டே ரூல். கை நல்லா கழுகணும். நான் கை காட்டினா அப்பவே நிறுத்தணும்.”

“நீங்க எப்போ கை காட்டுவேள்?”

“பிள்ளை கை காட்டும்போ.”

நான் சிரித்தேன். உள்ளே போனதும் புரிந்தது. இன்குபேட்டருக்குள் படுத்திருக்கிற அந்தக் குட்டிகள் உண்மையாகவே கை காட்டும். போதும் என்று தோன்றினால் விரல்களை விரித்து உள்ளங்கையைத் தூக்கும், தம்பானூர் சிக்னலில் போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்துவது போல. சிலது கொட்டாவி விடும், சிலதுக்கு விக்கல் வரும், சிலது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். சபையில் எழுந்து போகிற ரசிகரை நாம் பார்க்காத மாதிரி இருந்துவிடலாம். இவர்களை அப்படிப் பார்க்காமல் இருக்க முடியாது.

நம்மைப் போலப் பாட்டுக் கற்றவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அனுபல்லவியின் பாதியில் நிற்க நமக்கு வராது. எடுத்த வரியை முடித்து, பல்லவிக்குத் திரும்பி, எடுத்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் நெஞ்சு ஆறும். பாதியில் விடுவது எனக்குத் தும்மலைப் பாதியில் விடுவது போல இருந்தது. முதல் சில நாட்கள் சிஸ்டர் கை காட்டுவார், நான் “இதோ, இந்த வரி மட்டும்” என்று கண்ணால் கெஞ்சுவேன். அவர் கண்ணாலேயே முடியாது என்பார்.

நான் பரவாயில்லை. மேடையில் பெயர் வாங்கிய வித்வான் ஒருவர் சேவை செய்கிறேன் என்று ஒருநாள் வந்தார். நல்ல குரல், நல்ல மனசு. ஒரு குழந்தையின் பக்கத்தில் அடக்கமாகத்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு விக்கல் வர, சிஸ்டர் கையைத் தூக்கினார். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டு அதே வரியை நிரவலுக்கு எடுத்து விதவிதமாக விரிக்கத் தொடங்கினார்! சிஸ்டர் அவர் முழங்கையைப் பிடித்து மரியாதையாகக் கதவு வரை கூட்டிப்போனார். மனிதர் பாடிக்கொண்டேதான் போனார். பல்லவியை அவர் எடுத்த இடத்தில் சேர்த்தது வராந்தாவில்தான்.

இன்னொரு முறை ஒரு செல்வந்தர் யூனிட்டுக்குப் பெரிய ஸ்பீக்கர் செட் ஒன்றை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். நாள் முழுக்கப் புல்லாங்குழல் ஒலித்தால் குழந்தைகள் சீக்கிரம் தேறிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். சிஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, அவர் போனதும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். “வயித்துக்குள்ள இருக்க வேண்டிய பிள்ளைங்களாக்கும், டீச்சரே. வயித்துக்குள்ள ஏதெங்கிலும் கச்சேரி உண்டோ?” என்றார். அந்த அலமாரியை இன்னும் யாரும் திறந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நம்மைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய இன்னொரு தப்பு இருக்கிறது. அதைச் சொல்வதற்குப் பரமசிவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பரமசிவன் தென்காசிப் பக்கத்துக்காரர். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சைவ ஹோட்டலில் சப்ளையர். மனைவி இசக்கியம்மாளுக்கும் அதே ஹோட்டலில் உள்ளே வேலை. ஆறாவது மாதம் முடிந்து கொஞ்ச நாளில் இசக்கிக்குப் பிரஷர் ஏறி, ஃபிட்ஸ் வந்து, அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயை வேறொரு கட்டிடத்தில் தீவிர சிகிச்சையில் வைத்தார்கள், குழந்தை எங்கள் கட்டிடத்துக்கு வந்தது. பெயர் வைக்காததால் கட்டிலில் “இசக்கியம்மாளின் குழந்தை” என்று எழுதியிருந்தது. நர்ஸ் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல் “இச்சக்கி பேபி, இச்சக்கி பேபி” என்பார்கள்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து மாலை டிபன் தொடங்குவதற்குள் கிடைக்கிற இடைவேளையில் பரமசிவன் ஓடிவருவார். எவ்வளவு கழுவினாலும் சாம்பார் வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்குபேட்டரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளித்தான் நிற்பார். கையைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணாடிக் கடையில் நிற்கிற மாதிரி நிற்பார்.

“பக்கத்தில வாங்கோ, அப்பாதானே?” என்றேன்.

“வேண்டாம்மா. நீங்க பாடுங்க, நல்லாருக்கு. நான் தள்ளி நின்னுக்கிடுதேன்.”

“தொட்டுப் பாருங்கோ.”

“எங் கையப் பாத்தேளாம்மா? சுடு பாத்திரம் தூக்கித் தூக்கிக் காப்புக் காய்ச்சுப் போச்சு. இதுக்குத் தோல் பூ மாதிரில்லா இருக்கு. கீறிட்டுன்னா?”

தொடப் பயம், தூக்கப் பயம், தன் குரலை நினைத்தும் பயம். கரகரவென்று இருக்கும் அவர் குரல். பாடச் சொன்னதற்கு, “பள்ளிக்கூடத்துல பிரேயருக்கே என்னய வாய மட்டும் அசைக்கச் சொல்லுவாங்கம்மா” என்றார். ஆனால் தினமும் தவறாமல் ஒரு கேள்வி கொண்டுவருவார். அது அவருடைய கேள்வி இல்லை, அந்தக் கட்டிடத்தில் படுத்திருக்கிற இசக்கியின் கேள்வி.

“எம் பிள்ளைக்கு என்னயத் தெரியுமான்னு கேக்காம்மா. தெனமும் அதத்தான் கேக்கா. நான் என்ன சொல்லட்டும்?”

இசக்கி பிள்ளையைப் பார்க்கவே இல்லை. மயக்கத்தில் பெற்றாள், கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. அப்புறம் தொற்று வந்துவிட்டதால் எழுந்து வர அனுமதி இல்லை. போனில் படம் காட்டினால், இது யார் பிள்ளையோ என்கிற மாதிரி பார்க்கிறாளாம். அவள் குரலைப் பதிவு செய்து கொண்டுவாருங்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். கொண்டுவந்தார். கேட்டால் முழுக்க அழுகை. அழுகையைக் குழந்தைக்குப் போட்டுக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. குழந்தை தேறி வீட்டுக்குப் போகும், அதில் டாக்டர்களுக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் எந்த வீட்டுக்குப் போகும்? தொடப் பயப்படுகிற அப்பாவும், தன் பிள்ளைக்குத் தன்னைத் தெரியாது என்று முடிவு கட்டிவிட்ட அம்மாவும் இருக்கிற வீட்டுக்கு. எனக்கு அந்தக் கவலை மனசை அரித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் சிஸ்டர்தான் பிடித்த பிடியாகப் பரமசிவனை நாற்காலியில் உட்கார வைத்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, குழந்தையை ஒயர்களோடும் மூக்கில் இருந்த பால் குழாயோடும் பதமாக எடுத்து, அவர் வெறும் நெஞ்சில் கவிழ்த்துப் படுக்க வைத்துத் துணியால் கட்டினார். “சாரமில்ல, பேடிக்கண்டா. பிள்ளைக்குக் கை வேண்டா, நெஞ்சு மதி” என்றார். பயப்படாதே, நெஞ்சு போதும் என்று அர்த்தம். பரமசிவன் பயப்படாமல் எங்கே இருந்தார்? அவர் நெஞ்சு அடிக்கிற வேகத்தில் குழந்தையின் தொப்பி ஆடியது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல முனகத் தொடங்கினேன். இங்கேதான் நான் சொன்ன தப்பு வருகிறது. அந்த மானிட்டர் ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருக்குமே, அதை நான் சுருதியாக எடுத்துக்கொள்வது வழக்கம். தம்பூராவோ சுருதிப் பெட்டியோ உள்ளே கொண்டுபோக முடியாது, காதோ சும்மா இருக்காது, எங்கே ஒரு நிலையான ஒலி கிடைத்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் காதும் அப்படித்தான் செய்யும், வேண்டுமானால் பாருங்கள். ஆனால் அது தம்பூரா இல்லை. குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகள் சில சமயம் மூச்சு விட மறந்துவிடும். அன்றைக்கு அது மறந்துவிட்டது. ஒலி இறங்க ஆரம்பித்தது. நானும் கூடவே இறங்கினேன். சாதாரணமாக இல்லை, இழைத்து இழைத்து, அழகாக இறங்கினேன்! சுருதி விலகாமல் பாடுகிறோம் என்று காதுக்கு ஒரே சந்தோஷம்.

“டீச்சரே!”

அலாரம் அடிப்பதற்கு முன்னால் சிஸ்டரின் குரல் அடித்தது. நான் பாதி எழுத்தில் நிறுத்தினேன். அன்றைக்குப் பிறகு பாதியில் நிறுத்துவது எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. சிஸ்டர் துணிக்குள் விரலை விட்டுக் குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே பரமசிவனைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையைக் கழற்றி எங்கள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து ஓடிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி ஓடியிருந்தால் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

“அச்சனே, பிள்ளைய விளிக்கு! கூப்பிடுங்க!” என்றார் சிஸ்டர்.

எப்படிக் கூப்பிடுவார்? பெயர் இல்லை. கண்ணே மணியே என்று பழக்கமும் இல்லை. வாயைத் திறந்தார். வருஷக்கணக்காக அந்த வாய் எதைக் கூப்பிட்டுப் பழகியிருக்கிறதோ அதுதான் வந்தது. தொண்டை காய்ந்து போயிருந்ததால் தாழ்ந்து, மெதுவாக வந்தது.

“ஒரு ஊத்தப்பம்ம்… மெத்துன்னூ…”

சொல்லிவிட்டு நிறுத்தினார். அப்புறம் குழந்தையின் முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது. ஒலி ஒரு படி ஏறியது, இன்னொரு படி ஏறியது, பழைய இடத்துக்கு வந்து நின்றது.

இதைக் கேட்டுவிட்டு ஊத்தப்பம் மூச்சைக் கொண்டுவந்தது என்று யாரிடமும் போய்ச் சொல்லாதீர்கள். முதுகில் சிஸ்டரின் விரல் இருந்தது. குழந்தை தானாகவும் நினைவு வந்து மூச்சு விட்டிருக்கலாம். நம் வேலையில் பெரிய ஆபத்து இதுதான், பக்கத்தில் நின்று பாடியதற்காக எல்லாப் பெருமையையும் நாம் எடுத்துக்கொள்வது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். பரமசிவன் ஓடவில்லை.

“வாயில அதாம்மா வந்துட்டு” என்றார் வெட்கத்தோடு. கண்ணில் தண்ணீர் நின்றது. நர்ஸ் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, காதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தக் கூப்பாட்டை மனசுக்குள் பாடிப் பார்த்தேன். மூன்றே ஸ்வரம். மேலே தொடங்கிக் கீழே வந்து, கடைசி ஸ்வரத்தில் நீண்டு நிற்கிறது. அப்புறம் ஒரு காலி இடம். இவ்வளவுதான். தாழ்ந்த குரல், சின்ன அடி, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது, நடுவில் ஓய்வு. குழந்தைக்கு என்ன வேண்டும் என்று நாம் படித்தோமோ அதெல்லாம் அதில் இருந்தது. மறுநாள் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சரி, ஆனா ஹோட்டல் சவுண்டு வேண்டா” என்றார்.

ஹோட்டல் சத்தம் வந்தது. முதல் நாள் கூச்சப்பட்டு வாய்க்குள்ளேயே முனகிய பரமசிவனுக்கு மறுநாள் தைரியம் வந்துவிட்டது. “ரெண்டு நெய் ரோஸ்ட்ட்!” என்று அவர் விட்ட குரலில் அடுத்த கட்டில் குழந்தை இரண்டு கையையும் தூக்கியது, சிஸ்டரும் இரண்டு கையையும் தூக்கினார்.

“உங்க முதலாளி கல்லாவில தூங்கறார். அவர் முழிச்சுக்கப்படாது, உள்ளே மட்டும் கேக்கணும். அப்படி நெனச்சுண்டு சொல்லுங்கோ,” என்றேன்.

“அது எனக்கு நல்லாத் தெரியும்மா. தெனம் மத்தியானம் தூங்கத்தான செய்வாரு” என்றார். அதற்கப்புறம் ஒரு நாளும் சத்தம் கூடவில்லை.

அப்படியே நாட்கள் போயின. நெஞ்சில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி ஒவ்வொரு ஆர்டராகச் சொல்வார். ஊத்தப்பம் என்றால்தான் பிள்ளைக்கு அதிகம் பிடித்தது, அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. மூச்சை மறக்கிறது குறைந்துகொண்டே வந்தது. அந்த வயதில் குறையத்தான் வேண்டும். காப்புக் காய்த்த கை எப்போதோ முதுகுக்குப் போய்விட்டிருந்தது. யாரும் போகச் சொல்லவில்லை, அதுவாகப் போய்விட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும் அவர் ஒரே அளவு இடம் விடுவார். மூச்சு வாங்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன். பாடகியின் புத்தி சும்மா இருக்குமா? ஒருநாள் அந்தக் காலி இடத்தில் ஒரு சின்ன முனகலைச் செருகிப் பார்த்தேன். குழந்தை நெற்றியைச் சுருக்கி விரலை விரித்துக் காட்டியது. பரமசிவனும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அப்பாவும் பெண்ணும் சேர்ந்து என்னை விரட்டினார்கள். சரி, அது எனக்கான இடம் இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

குழந்தை பால் சப்பிக் குடிக்கப் பழகுகிற வயதுக்கு வந்தபோது இசக்கிக்கும் அனுமதி கிடைத்தது. மத்தியான வேளையில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆஸ்பத்திரி அங்கிக்குள் ஆளே காணாமல் போயிருந்தாள். பரமசிவன் நெஞ்சில் பிள்ளையோடு அரசன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு அவர் கையைப் பார்த்தாள். பிள்ளையின் முதுகை அந்தக் கை எவ்வளவு பழகிப்போய்ப் பிடித்திருக்கிறது என்பதைப் பார்த்தாள்.

சிஸ்டர் குழந்தையை அவிழ்க்கக் குனிந்தார். இசக்கி தலையை ஆட்டினாள்.

“வேண்டாம். அவுககிட்டயே இருக்கட்டும்.”

“உன் பிள்ளையல்லே? எடுத்துக்கோ, மோளே.”

“அதுக்கு என்னயத் தெரியாதுல்லா. புது ஆள் மேல போட்டா அழத்தான செய்யும். நான் பாத்துட்டேன், போதும். என்னயக் கொண்டு விட்டுருங்க.”

நாற்காலியைத் தள்ளி வந்த பையன் என்ன செய்வது என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிஸ்டர் என்னைப் பார்த்தார். பரமசிவனும் என்னைப் பார்த்தார். எல்லோர் பார்வையும், டீச்சர், ஏதாவது பாடுங்கள் என்றுதான் சொன்னது. எனக்கும் கைவசம் இல்லாத பாட்டா? அந்த நேரத்துக்கு உருக்கமாக எதையாவது எடுத்துவிட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள், நாங்களும் அழுதிருப்போம். ஆனால் அந்த அறையில் குழந்தைக்கு நெருக்கமாக இன்னொரு குரல் இருக்கிறது, அது தன் குரல் இல்லை என்று அவள் மனசில் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பதிந்திருக்கும். பாடக் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. பாடாமல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

“பரமசிவன், எப்பவும் போல ஒரு ஆர்டர் சொல்லுங்கோ” என்றேன்.

சொல்லிய பிறகு பயம் வந்தது. பிள்ளை அப்பாவின் குரலைத் தெரிந்துவைத்திருப்பதை அவள் கண்ணெதிரே காட்டப் போகிறோமே, புண்ணில் உப்பு வைக்கிற மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வது? திரும்ப வாங்கவும் முடியாது. அவர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்.

“ஒரு ஊத்தப்பம்ம்… மெத்துன்னூ…”

வழக்கம் போல நிறுத்தினார். வழக்கம் போல அந்தக் காலி இடம். கதவுப் பக்கம் திரும்பியிருந்த சக்கர நாற்காலியிலிருந்து, யாரும் கேட்காமல், அவளே எதிர்பாராமல், ஒரு குரல் வந்தது.

“இந்தா வருதூ…”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இசக்கிக்கு உள்ளே வேலை என்று அவர் சொன்னது அடுக்களை வேலையை. அவர் வெளியிலிருந்து சொல்கிற ஒவ்வொரு ஆர்டருக்கும் உள்ளேயிருந்து பதில் சொல்கிறவள் அவள்தான். வயிற்றில் பிள்ளையோடு ஆறு மாதமும் அங்கேதான் நின்றிருக்கிறாள். இத்தனை நாளும் அவர் விட்டு வைத்தது மூச்சுக்கான இடம் இல்லை.

குழந்தை முகத்தைத் திருப்பியது. நெஞ்சில் கன்னம் அழுந்தக் கிடந்தது, தலையைக் கொஞ்சம் தூக்கப் பார்த்து, முடியாமல், மறுபக்கமாக, நாற்காலி இருந்த பக்கமாகக் கன்னத்தை மாற்றிக்கொண்டது. வாய் திறந்து எதையோ தேடியது. விரல் விரியவில்லை. நெற்றி சுருங்கவில்லை.

“இன்னொருக்கச் சொல்லுங்க” என்றாள் இசக்கி, அவரைப் பார்க்காமல், பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டு.

“ஒரு ஊத்தப்பம்ம்…” மெத்துன்னு என்பது வரவில்லை.

“இந்தா வருது. இந்தா வருதுட்டீ…” என்று சொல்லிக்கொண்டே அவள் இரண்டு கையையும் நீட்டினாள். சிஸ்டர் துணியை அவிழ்த்துக் குழந்தையைத் தூக்கி அவள் நெஞ்சில் வைத்தார். மானிட்டர் சுருதி மாறாமல் நின்றது.

எனக்குத் தொண்டை வரைக்கும் ஒரு பல்லவி வந்துவிட்டது. சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். அவர் கை காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.